அம்மா வேண்டிக்கொண்ட செல்கள்

என் இடது முழங்காலில் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் உலோகம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் எலும்புப் புற்றுநோய் வந்து பிழைத்தேன். அதனால்தானோ என்னவோ, என் தங்கை சென்னை ஆய்வகத்தில் அதே நோயின் செல்களைக் கட்டிக்கொண்டு அழுகிறாள்.

பேச்சுக்குச் சொல்லவில்லை. போன கோடையில் செஞ்சி வீட்டுக்கு வந்தவள் நிஜமாகவே அழுதாள். ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்கள் மறுபடியும் செத்துவிட்டன. "இன்னொரு வாட்டி செத்துச்சுனா ஆராய்ச்சியே வேணாம், ஏதாவது வேலைக்குப் போய்டுறேன்" என்றாள். அம்மாவுக்கு அது போதும். அமாவாசைக்கு ஸ்பெஷல் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு மேல்மலையனூர் போய், கூட்டத்தில் இடிபட்டு, அங்காளம்மன் குங்குமத்தோடு திரும்பினாள்.

"உன் செல்லுங்க நல்லா வளரணும்னு வேண்டிக்கினேன். இத அதும் பக்கத்துல வை."

எனக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது. "அம்மா, அது எனக்கு வந்த நோயும்மா!"

அம்மாவின் முகம் வெளுத்தது. "ஐயையோ, அத்தயா வளரச் சொல்லிட்டு வந்தேன்?" வேண்டுதலைத் திருப்பி வாங்க, அப்போதே மறுபடி செருப்பை மாட்டினாள்.

தங்கைதான் பிடித்து உட்கார வைத்தாள். செல்கள் கண்டபடி பெருகாமல், இடம்விட்டு ஓடாமல் அடக்கிவைக்க நம் உடம்பில் ஒரு மரபணு உண்டாம். இந்தச் செல்களில் அது கெட்டுப்போயிருக்கிறது. ஒரு தட்டின் செல்களுக்குள் மட்டும் நல்லதை இவள் செலுத்திவிட்டு, இரண்டு தட்டிலும் பரவிய செல்களின் நடுவே ஒரு கோடு கீறுகிறாள். நல்ல மரபணு இல்லாதவை ஊர்ந்து வந்து கோட்டை மூடிவிடும். இருப்பவை நிற்கின்றனவா என்பதுதான் கேள்வி.

"செத்துப்போச்சுனா எதனால நின்னுச்சுன்னு தெரியாதும்மா. உயிரோட இருக்கணும், ஆனா ஓடக் கூடாது."

நோய் நுரையீரலுக்கு ஓடிவிடுமோ என்று வீடே நடுங்கிய நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு, "அங்கயே இரு, மேல ஏறாத" என்று நோயிடம் கெஞ்சுவாள். தங்கை அப்போது ஒன்றாம் வகுப்பு. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்திருந்தோம்.

சில வாரம் கழித்து சென்னையிலிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பினாள். ஒன்றில் கோடே இல்லை, மூடிவிட்டது. நல்ல மரபணு செலுத்திய மற்றதில் கோடு வாய்க்கால் மாதிரி அப்படியே கிடந்தது, இரு கரையிலும் செல்கள் உயிரோடு. இது மருந்தாக எத்தனை காலமோ என்று அவளே எழுதியிருந்தாள். இருந்தாலும் நான் பெருமையோடு அம்மாவிடம் போனை நீட்டினேன்.

அம்மா போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு கோட்டின் மேல் விரலை வைத்து, "அங்கயே இரு, தாண்டாத" என்றாள். இந்த முறை கெஞ்சவில்லை, அதட்டினாள்.