பாய்லர்காரரும் புளித்த காபியும்

முப்பத்தொரு வருஷம் சலவை ஆலையின் ராட்சசக் கொதிகலனைக் கட்டி மேய்த்த மனுஷனுக்கு, சமையல் மேடையில் உட்கார்ந்திருந்த எஸ்பிரெஸோ மெஷின் தண்ணி காட்டியது.

பாய்லர்காரர் என்றால்தான் அந்தக் குடியிருப்பில் தெரியும். ஓய்வு பெற்று எட்டு மாதம். மெஷின் அவருக்காக வாங்கியதில்லை, மனைவிக்காக. கண் மங்கிப்போய் அவளுக்கு இனித் தையல் ஓடாது. கீழ்த்தளத்துப் பல் டாக்டரம்மா, "காபி நல்லா இருந்தா எங்க கிளினிக்ல ஆறு பேருக்கும் தினமும் உங்ககிட்டதான்" என்று சொல்லியிருந்தார். ருசி பார்க்க வருவது இன்று நாலு மணிக்கு. இதுவும் கைநழுவினால் அவள் சும்மா உட்கார வேண்டியதுதான்.

மணி இரண்டு. ஏழாவது கோப்பையில் ஒரு வாய் குடித்த மனைவி முகத்தைச் சுளித்தாள்.

"புளிக்குதுங்க."

"முள்ளு ஒன்பதுல நிக்குது பாரு! அழுத்தம் கச்சிதமா இருக்கு. எப்படிப் புளிக்கும்?"

"முள்ளு நின்னா என் நாக்கு என்னங்க பண்ணும்? நீங்களே குடிச்சுப் பாருங்க."

அவர் காபியே குடிக்காதவர். அதுதான் கொடுமை! தூளை இன்னும் நைசாக அரைத்தார். அழுத்தத் திருகைத் திருகினார். சூட்டை ஏற்றினார். அப்படியும் அடுத்த கோப்பை புளித்தது. கொஞ்சம் பொறுத்துப் போட்டால், ஏற்றி வைத்த சூட்டில் கரிந்த கசப்பு. ஒவ்வொரு கோப்பைக்கும் முன்னால், ஆலையில் ஷிப்டு தொடங்கும்போது செய்து கை பழகியபடி, ஆவிக்குழாயைப் புஸ்ஸென்று அரை நிமிஷம் திறந்துவிட்டு, அடைப்பில்லை என்று உறுதி செய்துகொண்டார். அந்த விஷயத்தில் ஆள் கறார்.

மூன்று மணிக்குப் பொறுமை போயிற்று. எல்லாவற்றையும் வாங்கிய அன்றிருந்த அளவுக்கே திருப்பி வைத்தார். "சனியன், வாஷர்தான் போயிருக்கு. வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் இதுல கை வைக்காதே" என்று உறுமிவிட்டுக் கிளம்பினார். ஒரு கடையில் அளவில்லை, அடுத்தது பூட்டு. வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்றாவது கடையில் கிடைத்ததைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடிவந்தார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி நாலேகால். டாக்டரம்மா காலிக் கோப்பையைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

"பிரமாதங்க! நாளையிலேருந்தே அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பாய்லர்காரர் திகைத்து நின்றார். "என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலைங்க. அவங்க வந்து உட்கார்ந்துட்டாங்க, பட்டனை அமுக்கினேன். அந்த ஆவியத் திறக்க மட்டும் பயம். அதை விட்டுட்டேன்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆலைக் கொதிகலனுக்கு அரை நிமிஷ ஆவி கொசுக்கடி. இந்தச் சொம்பளவு பாய்லரிலோ சூடெல்லாம் அதிலேயே போய்விடும், காலியான இடத்தில் பச்சைத் தண்ணீர் புகுந்துவிடும். முள் காட்டியது பம்பின் அழுத்தத்தை மட்டும். சூடு இறங்கியதை அது சொல்லவே இல்லை. அட, கெடுத்ததே நாம்தானா!

"மெஷினை யார் செட் பண்ணிக் கொடுத்தாங்கன்னு டாக்டரம்மா கேட்டாங்க. உங்களைத்தான் சொன்னேன்" என்றாள் மனைவி.

அவமானம் பிடுங்கித் தின்றது. நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலை.

"நாளைக்கு எத்தனை மணிக்குப் போடணும்?" என்று கேட்டுக்கொண்டே மெஷினை நோக்கி நகர்ந்தார்.

அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"எட்டு மணிக்கு. நான் போட்டுக்கறேங்க. அந்த நேரத்துல நீங்க கொஞ்சம் வெளியே நடந்துட்டு வாங்களேன்."