புகையிலைக்காரர் வளர்த்த கஞ்சா

அண்ணைக்கு முள்ளந்தண்டில் கட்டி வந்தது. கொழும்பு வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினோம். அங்கே பெரிய டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இனிச் செய்ய ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார். அதைச் சொல்ல அவருக்கு இரண்டு நிமிடம் எடுத்தது. வேலணையிலிருந்து நாங்கள் போய்ச்சேர ஒரு பகலும் ஓர் இரவும் எடுத்தது.

சாவுக்கு அண்ணை பயப்படவில்லை. நித்திரைதான் இல்லை. ஆசுப்பத்திரியில் தந்த குளிசையை விழுங்க, நாலு நாள் கேட்டது, கண் மூடினார். பிறகு கேட்கவில்லை. படுத்தால் நோ, இருந்தால் நோ. வைகாசி முழுக்கக் கண் மூடவில்லை. அண்ணையின் மனைவி, எனக்கு மச்சாள், அவருக்குக் காவல் இருந்து இருந்து பகலில் கதவுநிலையில் முட்டிக்கொண்டு நடந்தார்.

பரியாரியாரைக் கூப்பிட்டோம். அவர் பரம்பரை வைத்தியர். நாடி பிடித்தார். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பேசாமல் இருப்பதுதான் அவருடைய வைத்தியத்தில் பாதி.

"நித்திரைக்கு லேகியம் ஒண்டு இருக்கு. கஞ்சா வேணும். என்னட்டை இல்லை," என்றார்.

"எங்கை எடுக்கிறது?"

"உமக்குத் தோட்டம் இருக்குத்தானே."

"என்னெண்டு வளர்க்கிறது?"

"செடி வளர்க்க உமக்கு நான் சொல்லித்தரவோ?"

அவ்வளவுதான். மருந்துச் சரக்கைப் பற்றி வெளியாளிடம் வாய் திறப்பதில்லை என்பது அவர்கள் குடும்ப வழக்கம். திறந்தால் மருந்து பலிக்காதாம். எந்தப் பாகம், எந்தப் பருவம், ஒரு சொல் இல்லை. வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அண்ணைக்கு அது கோபமாக இல்லை. சந்தோசம்தான். "செடி வளர்க்கத் தெரியாத ஆக்களே நாங்கள்?" என்றார். முப்பது வருடம் புகையிலை போட்டவர். அவருடைய இலையை மற்றவர்களின் இலையோடு ஒரே கட்டுக்குள் வைக்கவிடமாட்டார். உலகத்தில் இரண்டு வகைச் செடிதான் உண்டு அவருக்கு. ஒன்று புகையிலை. மற்றது புகையிலையைவிட இலேசான செடி.

சட்டம் தெரியாமல் இல்லை. அப்போது ஊரில் சட்டத்தைப் பார்க்க விதானையார் இருந்தார். அண்ணையைப் பார்க்க வந்தபோது நானே சொல்லிவிட்டேன். "நான் கண்ணாடி போடாமல் வந்தனான்," என்று சொல்லிவிட்டு எழும்பினார். அவருக்குக் கண்ணாடியே கிடையாது. அந்த வருடம் முழுக்க ஒருவர் புத்தியாக நடந்தார் என்றால் அவர்தான்.

விதைக்கு நயினாதீவு போனேன். ஆனியில் அங்கே கோயில் திருவிழா. புங்குடுதீவுக் கரையில் வள்ளம் ஏறவேண்டும். கோயிலுக்குத் தள்ளி, பூவரச மரங்களுக்குக் கீழே சாமிமார் கூட்டமாக இருந்து கஞ்சா புகைத்தார்கள். விதை நெருப்பில் வெடிக்குமாம். அதனால் கசக்கும்போதே விதையைத் தெரிந்து எறிந்துவிடுவார்கள். நான் அவர்களுடைய சாம்பலுக்கும் துப்பலுக்கும் நடுவே குந்தியிருந்து பொறுக்கினேன். விரதம் இருந்து வந்த பெண்கள் என்னைத் தாண்டிப் போனார்கள்.

"என்ன பொறுக்கிறாய்?" என்று ஒரு சாமி கேட்டார்.

"விதை, சாமி."

"உமியைப் பொறுக்கிறவனை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

என் மடியில் இருந்த புகையிலையைக் கண்டுவிட்டார். கேட்டார். கொடுத்தேன். உலகத்தைத் துறந்தவர் அதை முகர்ந்து பார்த்து, "இரண்டாந்தரம்," என்றார். எழும்பி அடித்திருப்பேன். விதை இன்னும் காணாது என்று குனிந்து பொறுக்கினேன்.

நாற்பது விதை அளவில் கிடைத்தது. அண்ணை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். புகையிலை விதை தூள் மாதிரி. கைக்குள் அடங்குகிற ஒரு சிரங்கை விதை ஊருக்கே காணும். இது மிளகில் பாதி இருந்தது.

"உவ்வளவு பெரிய விதை. மூளையில்லாத செடி," என்றார்.

புகையிலைக்குச் செய்வதுபோலவே செய்யச் சொன்னார். சாம்பலில் கலந்து நாற்றுமேடையின் மேலே தூவினேன். ஓலை பரப்பித் தண்ணீர் தெளித்தேன். அடுத்த நாள் விடியக் குருவிகள் வந்து பாதியைத் தின்றுவிட்டன. புகையிலை விதையைக் குருவி கண்டதே இல்லை. மச்சாள்தான் வந்து பார்த்தார்.

"பயறு மாதிரிக் கிடக்கு. பயறு மாதிரி ஊண்டினால் என்ன?" என்றார்.

அண்ணை மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். மிஞ்சிய விதையை நான் விரலால் குத்தி ஊன்றினேன். பத்தொன்பது முளைத்தது. கஞ்சாவைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்காவது ஏதாவது தெரிந்திருந்தால் அது மச்சாளுக்குத்தான். அவரை யாரும் பிறகு கேட்கவில்லை.

மண் விஷயத்தில் அண்ணையைக் குறை சொல்ல ஏலாது. எங்கள் மண் ஒரு முழத்துக்குக் கீழே கல். கிணற்றில் கோடை முற்றினால் உவர். மண் இருப்பதில்லை, ஆக்கவேண்டும். மரவள்ளி நிரைகளுக்கு நடுவே நீளப் பள்ளமாகக் கான் வெட்டினேன். இரண்டின் இலையும் தூரத்துக்கு ஒன்றுபோல இருக்கும், வழியில் போகிறவனுக்குத் தெரியாது. கானுக்குள்ளே வேலியிலிருந்து கழற்றிய பழைய பனையோலையைப் போட்டேன். அதன்மேல் பூவரசங்குழை. அதன்மேல் ஆட்டுப் புழுக்கையும் சாம்பலும். கடற்கரையில் ஒதுங்கிய சாதாழையும் போடச் சொன்னார் அண்ணை. அந்தக் கடற்புல்லை மாரி மழையில் உப்புப் போகக் கழுவவிட்டு, காய்ந்தபிறகுதான் போடவேண்டும். போன மாரியில் நனைந்தது ஒரு குவியல் பின்வளவில் கிடந்தது. அதைப் போட்டு மண்ணால் மூடி, பத்து நாள் தண்ணீர் விட்டு அவிய வைத்தேன். கை வைத்தால் சுட்டது. சூடு ஆறியபிறகு கன்றை நட்டேன்.

பக்கத்து வளவில் ஒரு பென்சனியர் இருந்தார். மலாயாவில் ரயில்வேக் கந்தோரில் வேலை பார்த்தவர். ஒரு கத்தரிக்கன்று வைத்தது கிடையாது. வேலிக்கு மேலால் தலையை நீட்டுவார்.

"தம்பி, மலாயாவிலை இதுக்கு மீன் கழுவின தண்ணி ஊத்துவினம்."

"ஊத்தினனீங்களோ ஐயா?"

"நான் ஊத்தேல்லை. கேள்விப்பட்டனான்."

இப்படிக் கேள்விப்பட்டவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். ஒருவன் சாணி என்றான். ஒருவன் சாணி ஆகாது என்றான். பத்துக்குடம் தண்ணீர் இறைத்துத் தரக் கேட்டால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார்கள். துலா மிதிக்க ஆள் இல்லாமல் நான் கைவாளியால் அள்ளி ஊற்றினேன்.

ஆவணியில் செடி இடுப்பளவு. புரட்டாதியில் நெஞ்சளவு. அண்ணையின் கட்டிலை மாலுக்குக் கொண்டுவந்து போட்டிருந்தோம். பக்கச்சுவர் இல்லாத கொட்டில், தோட்டம் முழுக்கத் தெரியும். அவர் செடியைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். இரவில் முனகுவார். விடிந்தால், "எத்தினை இலை?" என்று கேட்பார்.

புரட்டாதிக் கடைசியில் நுனியில் பூ வந்தது.

புகையிலைக்காரனுக்குப் பூ என்றால் கள்ளன். பூ வந்தால் இலைக்குப் போகிற பலத்தைத் தின்றுவிடும். அதனால் நுனியை முறிப்போம். முறித்தால் பக்கத்தில் கிளைக்கும். அதற்குப் பெயர் கெட்டு. அதையும் உடைப்போம். காலையும் மாலையும் உடைப்போம். கெட்டு உடைக்காதவன் தோட்டக்காரன் இல்லை, குருவிக்கு வைக்கிற வெருளி என்பார் அண்ணை.

"எடேய், பூ வந்திட்டுது. பாத்துக்கொண்டு நிக்கிறியே? உடை."

உடைத்தேன். யோசிக்கவில்லை. என் கைக்கு வேறு ஒன்றும் தெரியாது. பத்தொன்பது செடியிலும் நுனியை முறித்தேன், கெட்டெல்லாம் உடைத்தேன். கை பிசினாக ஒட்டியது. கடகம் நிறைய வந்ததை வேலியோரம் கட்டியிருந்த எங்கள் ஆட்டுக்குப் போட்டேன். பிறகு இலை உண்மையாகவே அகன்றது. அண்ணைக்குப் பெருமை. அடியிலையைப் பறித்துப் புகைக்குடிலில் தொங்கவிட்டு, தேங்காய்ப் பொச்சு எரித்துப் புகை போடச் சொன்னார். அதையும் செய்தேன்.

ஆடு அந்த முதல் இரண்டு நாளும் எழும்பவில்லை. வேலியைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. பிறகு கழுத்தை நீட்டிப் போட்டு நித்திரை கொண்டது.

"ஆடு ஏன் உப்பிடிக் கிடக்கு?" என்று மச்சாள் கேட்டார்.

"கொழுப்பு," என்றார் அண்ணை. ஐந்து மாதம் நித்திரை கொள்ளாத மனுசன், கட்டிலில் கிடந்து அந்த ஆட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதும் விளங்கவில்லை.

ஒரு கிழமை போகப் பரியாரியார் வந்தார். செடியைக் கண்டு நின்றார்.

"பூ எங்கை?"

"உடைச்சுப் போட்டம்."

"எங்கை போட்டனீர்?"

ஆட்டைக் காட்டினேன். அது மூன்றாம் நாளே எழும்பிவிட்டது, வாழைச்சருகு தின்றுகொண்டு நின்றது. பரியாரியார் அதைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"நல்லா நித்திரை கொண்டிருக்குமே."

"ஓம்."

"மருந்து பூவுக்குள்ளை. உந்த இலையைச் சுருட்டுக்காரனிட்டைக் குடும்." குடிலில் இருந்து எடுத்த இலையை மூக்கில் வைத்துவிட்டு என் கையில் தந்தார்.

"நீங்கள் சொல்லேல்லையே, பரியாரியார்," என்றார் அண்ணை.

"நீர் கேக்கேல்லை."

"என்னெண்டு வளர்க்கிறதெண்டு கேட்டனான்," என்றேன். "சொல்லித்தரவோ எண்டு என்னைத்தான் திருப்பிக் கேட்டனீங்கள்."

மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்தோம். ஒருவர் தெரிந்ததைச் சொல்லமாட்டார். மற்றவர் தெரியாததைத் தெரியாது என்று சொல்லமாட்டார். நான் சொன்னதைச் செய்கிறவன். இப்படி மூன்று பேர் கூடினால் ஆட்டுக்குத்தான் சுகம்.

மச்சாள்தான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டார். "இனி ஒண்டும் செய்யேலாதோ? இந்த மனுசன் நித்திரை கொண்டு சாகவேணும். அவ்வளவும்தான்."

பரியாரியார் செடிகளைச் சுற்றி நடந்தார். எட்டுச் செடியைப் பிடுங்கி எறிந்தார். "ஆண்," என்றார். செடியில் ஆண் பெண் உண்டென்பது பப்பாசி வைத்தவனுக்குத் தெரியும். புகையிலைக்காரனுக்குத் தெரியாது. மிச்சத்தைக் காட்டி, "கெட்டு வரும். அதிலை பூக்கும். கை வையாதையும்," என்றார். அவர்கள் குடும்பத்திலிருந்து வெளியே வந்த வைத்தியத்தில் அதுதான் ஆக நீளமானதாக இருக்கவேண்டும்.

கை வைக்காமல் இருப்பது என்ன பாடு என்று தோட்டம் செய்தவனுக்குத்தான் தெரியும். கணுவுக்குக் கணு கெட்டு வெடித்தது. செடி பற்றை மாதிரி ஆனது. பக்கத்தில் போனால் என் விரல் தானாக நீளும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்ற ஏலாது. அண்ணை இரண்டு நாள் பொறுத்தார்.

"பாக்க ஏலாது. கட்டிலைத் திருப்பு," என்றார். திருப்பினேன். அதற்குப் பிறகு அவர் வீட்டின் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நோவில் கையை மடக்கி மடக்கி விரிப்பார். நகம் உள்ளங்கையைக் கிழித்திருந்தது. மச்சாள் துணி சுற்றிவிட்டார்.

ஐப்பசி மழை தொடங்கியது. பூ அழுகாமல் செடிகளுக்கு மேலே ஓலைப் பந்தல் போட்டேன். பென்சனியர் வேலியால் பார்த்தார்.

"செடிக்கு வீடு கட்டுறீர், தம்பி."

"ஓம். குடிபூரலுக்குச் சொல்லுறன்."

கார்த்திகைப் பிறையில் பரியாரியார் வந்து பூவைத் தானே வெட்டினார். என்னை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். திரும்பி நின்றேன். நிழலில் உலர்த்தினாராம், பாலில் அவித்தாராம், பனங்கட்டி போட்டாராம். எல்லாம் அவருடைய வேலைக்காரன் கள்ளுத் தவறணையில் சொல்லி ஊருக்குத் தெரிந்தது. ஒரு சிரட்டையில் வைத்துக் கொண்டுவந்தார். புளியங்கொட்டை அளவு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

முதல் நாள் ஒன்றும் இல்லை.

"ஆட்டுக்குக் கேட்டது எனக்குக் கேக்கேல்லை," என்றார் அண்ணை.

இரண்டாம் நாள் பரியாரியார் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். அண்ணை என்னிடம் புகையிலைக் கன்று நட்டு முடிந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். என்னைப் பேசத் தொடங்கினார். சோம்பேறி என்றார். அடுத்தது என்னவோ சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. வாய் திறந்தபடி கிடந்தார். மச்சாள் ஓடிவந்து நெஞ்சில் கை வைத்தார். கையை எடுக்கவில்லை. அப்படியே கட்டில்காலில் சாய்ந்து இருந்தார். கொஞ்சநேரத்தில் அவரும் நித்திரை.

நான் படலைக்குப் போனேன். பென்சனியர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"அண்ணரைப் பாக்க வந்தனாங்கள்."

"நித்திரை."

"எழுப்பாமல் ஒருக்கால் எட்டிப் பாத்திட்டுப் போறம்."

"ஏலாது."

"தம்பி, வருத்தக்காரனைப் பாக்க வந்த ஆக்களை வாசலிலை மறிக்கிற வழக்கம் எங்கடை ஊரிலை இல்லை. சனம் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்."

"நாளைக்கு உமக்கொரு காரியம் எண்டால் நாங்கள் வரவேண்டாமோ?"

"வராதையுங்கோ."

வாழைப்பழத்தைத் திருப்பிக் கொண்டுபோனார். ஒழுங்கை முடியும் வரை மூன்று பேரும் என்னைத் திட்டிக்கொண்டு போனார்கள். படலையைக் கயிற்றால் கட்டினேன். மாலில் அண்ணையின் குறட்டை, மரம் அரிகிறமாதிரி, ஒழுங்கை வரைக்கும் கேட்டது. இருட்டும் வரை நான் அங்கேயே நின்றேன்.