வெள்ளிக்கிழமைப் பொட்டலம்

தங்கச்சி அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு எங்கள் வாரம் வெள்ளிக்கிழமையோடு முடியத் தொடங்கியது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் லீவு ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் அவளுடைய மேடம் அவள் கையில் போனைக் கொடுப்பது வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரே ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் வாரம் முழுக்கப் பாட்டும் படமுமாகப் பொறுக்கிச் சேர்ப்பேன்.

எனக்கு வேலை தலவாக்கலையில் ஒரு கொமினிகேஷன் கடையில். போட்டோக்கொப்பி அடிப்பது, பிள்ளைகளுக்குப் பரீட்சை ரிசல்ட் பார்த்துக் கொடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது. ஆள் வராத நேரத்தில் கம்ப்யூட்டரில் உலகத்தை மேய்வேன். குளிர் நாட்டுக் கிழவர் ஒருவர் மடிப்பு மடிப்பான ஒரு பெட்டியை விரித்துச் சுருக்கி வாசிக்கிறார். மலைச்சரிவில் மேய்ந்த மாடுகளெல்லாம் ஓடி வந்து அவர் முன்னால் வரிசையாக நிற்கின்றன. வானத்திலிருந்து எடுத்த படத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசையின் நீளத் தகரக் கூரை, பச்சைச் சேலையில் குத்திய துருப்பிடித்த ஊக்கு மாதிரி. உலக உருண்டையைச் சுற்றி எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அந்த ஊர் ரேடியோ பாடுகிற ஒரு பக்கம். இப்படி நாலைந்து, கடைசியில் ஒரு குத்துப்பாட்டு, அதுதான் அவளுக்கான பொட்டலம். குத்துப்பாட்டு கட்டாயம். "அழுகாச்சிப் பாட்டு அனுப்பாதக்கா. அழுகுறதுக்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம்" என்று போன முதல் மாதமே சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை முதலாளி ஜும்மாவுக்குக் கிளம்பினால் எனக்கு அரை நாள். வட்டகொடைப் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடித்து, இறங்கி, படியேறி, நாலு மணிக்கு, அங்கே பகல் சாப்பாடு முடிகிற நேரத்தில், லயத்து அறையான எங்கள் காம்பரா வாசலில் உட்கார்ந்து பொட்டலத்தை அனுப்புவேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுவாள்.

"ஏன்டி, அந்த மாடுகளுக்குப் பாட்டுக் கேக்குறதத் தவிர வேற சோலியில்லையா? பாலு யாரு கறக்குறது?"

அந்தக் குரலையும் பிடித்து அனுப்புவேன்.

அதே நேரத்தில்தான் அடுத்த காம்பரா ஆட்டோக்கார அண்ணன் மலையிலிருந்து வந்து விழுகிற பீலித் தண்ணியில் ஆட்டோ கழுவுவார். அவருடைய ஆட்டோவில் சீட்டை விட ஸ்பீக்கருக்கு இடம் அதிகம். பாட்டு தொடங்கியதும் எங்கள் சுவரில் தொங்குகிற கரண்டிகள் நடுங்கும். அம்மா இருந்த இடத்திலிருந்தே கத்துவாள்.

"டேய், சத்தத்தக் கொறடா! ஆட்டோ கழண்டு ஆத்தோட போயிரும்!"

"கொறச்சிட்டேன் சின்னம்மா!" என்று சொல்லிக்கொண்டே கூட்டுவார்.

இது எல்லாம், லயத்துக் கடைசியிலுள்ள கோடி வீட்டுத் தாத்தாவின் ரேடியோவோடு சேர்ந்து, என் குரல் செய்திகளில் விழும். தங்கச்சி பதிலில் முதலில் சிரிப்புத்தான் வரும். பிறகுதான் பேச்சு.

அம்மா ஒரு திங்கட்கிழமை போய்விட்டாள். மூச்சிழுப்பு பல வருசமாக இருந்ததுதான். இழுத்து இழுத்து வந்த மூச்சு அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை எடுத்தோம். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மாமா, அம்மாவின் தம்பி, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சின்னவளுக்குச் சொல்ல வேணாம்."

"எப்படி மாமா சொல்லாம?"

"வர விடமாட்டாங்க. ஒப்பந்தம் முடிய இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. அந்நிய வீட்டுல ஒத்தையில கெடந்து அழுகவா? புடிச்சு உக்காத்த ஒரு கை இருக்கா அங்க? வந்து தெரிஞ்சுக்கட்டும். நீ எப்பயும் போல அனுப்பு. ஒம் பாட்டு, ஒம் மாடு."

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இன்றைக்கும் என் கழுத்து மறக்கவில்லை.

எங்கள் லயத்தில் சாவு விழுந்தால் பதினாறு முடியும் வரை எந்தக் காம்பராவிலும் பாட்டு இல்லை. ஒரே கூரை, ஒரே சுவர். ஒரு வீட்டு ரேடியோ அடுத்த வீட்டு ஒப்பாரிக்குள் நுழையக் கூடாது. யாரும் சொல்ல வேண்டியதில்லை, தானாகவே அமர்ந்துவிடும். அந்த அமைதிக்குள் உட்கார்ந்து, வந்த முதல் வெள்ளிக்கிழமைக்காக நான் குத்துப்பாட்டுத் தேடினேன். இயர்போனைக் காதுக்குள் அழுத்தி, முந்தானையால் காதை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒரு பாட்டில் என் கால் கட்டைவிரல் தாளம் போட்டது. அம்மாவுக்கு ஏற்றிய விளக்குக்கு முன்னால். அந்த விரலை வெட்டி எறியலாம் போல இருந்தது. அந்தப் பாட்டையே அனுப்பினேன்.

குரல் செய்திக்கு ஒத்திகை பார்த்தேன். சுடுதண்ணி குடித்துத் தொண்டையைச் சரிசெய்து, சிரித்து, பேசினேன். "இந்த வாரம் ஒரு கிளி தானாவே ஊஞ்சல் ஆடுது பாரு. அம்மாவா? வெறகுக்குப் போயிருக்காங்க."

"பாட்டு நல்லாருக்குக்கா" என்று மட்டும் பதில் வந்தது. சிரிப்பு இல்லை. மேடம் பக்கத்தில் இருந்திருப்பார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே. அம்மா தூங்குகிறார்கள் என்றேன். அனுப்பிப் பத்து நிமிடத்தில் அவளுடைய குரல் வந்தது. மெதுவாக, குளியலறைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி எதிரொலியோடு.

"அக்கா, போன வாரமும் சரி, இந்த வாரமும் சரி, ஒங் குரலுக்குப் பின்னால ஒண்ணுமே கேக்கல. அண்ணன் பாட்டுப் போடல. கோடி வீட்டு ரேடியோ இல்ல. லயத்துல யாருக்கா? ஒரு வாரமா பாத்திரம் கழுவும்போதெல்லாம் மனசால காம்பரா காம்பராவா போய்ப் பாத்துட்டு வர்றேன். கோடி வீட்டுத் தாத்தாவா இருக்கும்னு நெனச்சேன். பாவம், அவரா இருக்கணும்னு சாமியக்கூட கும்பிட்டேன். அவருன்னா நீ சொல்லியிருப்பியே. நம்ம வீட்டுக்கு மட்டுந்தான் நான் போகல. சொல்லுக்கா."

என் குரலை அவ்வளவு கழுவித் துடைத்து அனுப்பிய நான், அதற்குப் பின்னால் லயமே வாயை மூடிக்கொண்டிருந்ததைக் கேட்கவே இல்லை. பன்னிரண்டு நாளாக அந்த மௌனத்துக்குள்ளேயே இருந்ததில் எனக்குக் காது பழகிவிட்டது.

கூப்பிட்டேன். எடுத்தாள். "அம்மாதான்" என்றேன். அந்தப் பக்கம் குழாயைத் திறந்துவிடுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அதற்கு அடியில் அவள் அழுதாள், வெளியே கேட்காமல். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

குழாயைக் கொஞ்சம் மூடி, "என்னைக்கு?" என்றாள்.

சொன்னேன்.

"அப்ப நீ அனுப்புன அந்தப் பாட்டு... நான் அதக் கேட்டுக்கிட்டே துணி காயப்போட்டேன்க்கா. கொஞ்சம் ஆடிட்டேன்."

மாமாதான் சொல்ல வேண்டாமென்றார் என்றேன். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அன்று பின்னேரம் ஆட்டோக்கார அண்ணன் வாசலில் வந்து நின்றார். செத்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் பாட்டுப் போடுவதில்லை. கேட்க வந்தவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடுங்கண்ணே" என்றேன்.

"சின்னவளுக்கு எப்பத் தெரியும்?"

"போன வெள்ளிக்கிழமை."

விரல் விட்டு எண்ணினார். "அப்ப அவளுக்கு இன்னைக்கு அஞ்சாம் நாளுதானே தங்கச்சி. இருக்கட்டும். அவளுக்கும் பதினாறு முடியட்டும்."

அவர் யாரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. கோடி வீட்டு ரேடியோவும் வாய் திறக்கவில்லை. காரியம் முடிந்த லயத்தில், வராத ஒருத்திக்காக இன்னும் இரண்டு வெள்ளிக்கிழமை பாட்டில்லாமல் போனது. அந்த இரண்டு வாரமும் நான் எதையும் பொறுக்கவில்லை. வாசலில் போனை வைத்து, பீலித் தண்ணி விழுகிற சத்தத்தையும் வேலைக்குப் போகிற தாய்மார் விட்டுப்போகிற பிள்ளைமடுவத்தில் குழந்தை ஒன்று சிணுங்குவதையும் ஒரு நிமிடம் பிடித்து அனுப்பினேன். பேசவில்லை. அவளும் பேசவில்லை. கேட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள் மட்டும்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அண்ணன் பாட்டுப் போட்டார். கரண்டிகள் நடுங்கின. நான் போனை வாசலில் நீட்டிப் பிடித்தேன். பல்லவி முடிந்து, வழக்கமாக அம்மா கத்துகிற இடம் வந்தது. யாரும் கத்தவில்லை. ஈரத்துணியோடு குனிந்திருந்த அண்ணன் நிமிர்ந்து எங்கள் வாசலைப் பார்த்தார். பிறகு உள்ளே கைவிட்டுச் சத்தத்தைக் குறைத்தார்.

அப்படியே அனுப்பினேன்.

"யாருக்கா கொறைக்கச் சொன்னது?" என்று கேட்டாள்.

"யாரும் சொல்லல."

குழாய்ச் சத்தம் கேட்டது. பிறகு, "அடுத்த வாரத்துக்கு மாடு ஏதாவது தேடுக்கா" என்றாள்.