வேறு வழி இல்லை என்றேன்

என் நண்பர் ஒருவரை நான் ஏமாற்றினேன். தெரிந்தே, நிதானமாக, சட்டம் படித்தவனின் குரலில் ஏமாற்றினேன். அவர் தன் மனைவியைப் போய்ப் பார்ப்பதற்கு இருந்த வழியை ஒரே ஒரு சொல்லால் அடைத்தேன்.

நண்பர் கத்தோலிக்கர். அவருடைய சமயத்தில் செய்த பாவத்தைச் சொல்வதற்கென்று மரத்தால் ஒரு சின்ன அறை செய்து வைத்திருக்கிறார்கள். முழந்தாளிட்டுச் சொல்லிவிட்டு, இலேசாக எழுந்து வந்துவிடலாம். நான் சைவன், எனக்கு அந்த வசதி இல்லை. ஆகவே நீங்கள் அகப்பட்டீர்கள்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனை நாள் உறங்கும் என்பது எனக்கு மனப்பாடம். இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் வீட்டுவேலை செய்யும் மகள் வசந்தி என்னை இங்கே கூப்பிட்டுக்கொண்டாள். “அப்பா, நீங்கள் இனி ஆறுதலா இருங்கோ” என்றாள். ஆறுதல் என்னவென்று வந்த மறுநாளே தெரிந்தது: பேத்தியின் புத்தகப் பை என் தோளில் ஏறியது!

சந்தியோகு மாஸ்ரரும் அப்படித்தான். மன்னாரில் கணக்குப் படிப்பித்தவர். மகன் ரெஜி இங்கே லிபெர்த்தா தெருவில் ஒரு கிழவரைப் பராமரிக்கிறான். மாஸ்ரரை யார் பராமரிப்பது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன், வாய்க்குள்.

சீசா என்ற எங்கள் பகுதியில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, பக்கத்துப் பூங்காவில் ஒரே வாங்கில் உட்காருவோம். முதலில் வருபவர் தன் தொப்பியை வைத்து மற்றவருக்கு இடம் பிடிப்பார். எதிரே சிசிலிக் கிழவர்கள் சீட்டாடிச் சண்டை பிடிப்பார்கள். சில நாள்களில் வியா மக்வேதா கடைத்தெரு வரை நடந்து, வாங்கப் போவதில்லை என்று நன்கு தெரிந்த சப்பாத்துகளின் விலையைப் பற்றிக் காரசாரமாக விவாதிப்போம். ஓய்வூதியம் நிற்காமல் இருக்க, நாங்கள் இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்று வருடத்துக்கொருமுறை கொழும்புக்குச் சான்றிதழ் அனுப்ப வேண்டும்.

“சி.சி., இந்த வருசமும் உயிரோடைதான் இருக்கிறீரோ? வடிவாப் பாத்துச் சொல்லும். பிறகு அரசாங்கத்தை ஏமாத்தினதாப் போயிடும்” என்பார் மாஸ்ரர். தலைமை எழுதுவினைஞரை ஆங்கிலத்தில் சுருக்கிய அந்த இரண்டெழுத்தே அவருக்கு என் பெயர்.

“உமக்குத்தான் ஐமிச்சம், மாஸ்ரர். என்ரை மூச்சு எனக்குக் கேக்குது.”

அந்த வாங்கு இல்லாவிட்டால் இந்த நகரத்தில் எனக்கு என்ன இருந்தது? நீங்களே சொல்லுங்கள். வீட்டில் என்னோடு கதைக்க எவருக்கும் நேரமில்லை. மாஸ்ரரும் நானும் வாய்விட்டே பேசிக்கொண்டோம்: போனால் இருவரும் சேர்ந்து ஊருக்குப் போவது, இல்லாவிட்டால் இருவரும் இங்கேயே கிடப்பது.

பிறகு ஊரில் சண்டை சற்று ஓய்ந்த மாதங்கள் வந்தன. ஒரு மத்தியானம், பள்ளிக்கூட வாசலில் பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“அம்மப்பா, ஜெசிக்கான்ரை நோன்னோ பார்த்தே! ஸ்ரீலங்கா போறார். சொல்லக்கூடாதாம், செக்ரெத்தோ!”

ஜெசிக்காவின் நோன்னோ, அதாவது தாத்தா, சந்தியோகு மாஸ்ரர். பார்த்தே என்றால் புறப்படுகிறார். அது இரகசியம். யாரிடமிருந்து இரகசியம்? என்னிடமிருந்து!

அன்று காலைகூட என் பக்கத்தில் இருந்து சப்பாத்து விலை பேசிய மனிதர்... சுடுநீர் பட்டதுபோல் இருந்தது எனக்கு. மனைவி இறந்தபோது அழுதேன். வீடு ஷெல்லில் விழுந்தபோது பேசாமல் இருந்தேன். ஆனால் இப்படிக் கைவிடப்பட்டதாக ஒருநாளும் நான் உணர்ந்ததில்லை. கேட்டேனா அவரிடம்? இல்லை. மறுநாள் அவர் தொப்பியை எடுத்து இடம் தந்தார், உட்கார்ந்தேன், சிரித்தேன். காத்திருந்தேன்... அவர்கள் என்னிடம்தான் வரவேண்டும் என்பது எனக்குத் தெரியும். இங்கே எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பவன் நான்; நடைமுறை கேட்க வேறு யாரிடம் போவார்கள்?

வந்தார்கள். வியாழக்கிழமை பின்னேரம், வீட்டுவேலை செய்பவர்களுக்கு விடுமுறை. ரெஜி முன்னால், மாஸ்ரர் பின்னால், தலையைக் குனிந்தபடி.

“ஐயா, அம்மா ஊரிலை தங்கச்சியோடை இருக்கிறா, தெரியும்தானே. அவவுக்குச் சுகமில்லை. நெஞ்சு வருத்தம். அப்பா ஒருக்காப் போய்ப் பாக்கப்போறாராம். ஆனா அவற்றை பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் குடுத்துக் கிடக்கு. திரும்பி வரலாமெண்டாத்தான் நாங்கள் விடுவம். இப்ப போனா வரலாமோ?”

வரலாம். தங்கும் அனுமதி புதுப்பிப்பில் இருக்கும்போது, குவெஸ்தூரா என்ற காவல் தலைமையகத்தில் கேட்டால் திரும்பி வருவதற்குத் தனியாக ஓர் அனுமதி தருவார்கள். நானே இரண்டு பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எந்த யன்னலில் கேட்பது, என்ன சொல்லிக் கேட்பது, எல்லாம் என் நுனிநாக்கில் நின்றது.

“இப்பிடியே போனா விமான நிலையத்திலை மறிச்சுப்போடுவாங்கள், தம்பி” என்றேன். அதில் பொய் இல்லை பாருங்கள்! அந்த அனுமதி இல்லாமல் போனால் மறிக்கத்தான் செய்வார்கள். நான் பழுத்த எழுதுவினைஞன். பொய் சொல்லாமல் ஏமாற்ற எனக்குத் தெரியும்.

ஆனால் ரெஜி விடவில்லை. “வேறை ஒரு வழியும் இல்லையோ, ஐயா?”

மாஸ்ரர் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இல்லை” என்றேன்.

சுகமில்லை என்று ரெஜி சொன்னது என் காதில் விழவில்லை என்று எழுத ஆசைதான். விழுந்தது. தெளிவாக விழுந்தது.

மாஸ்ரர் என் கையைத் தட்டி, “பரவாயில்லை, சி.சி. நீர் என்ன செய்யிறது, சட்டம் அப்பிடி” என்றார். எனக்கு ஆறுதல் சொன்னார்!

புதிய பெர்மெஸ்ஸோ வந்து சேர்வதற்குள் ஊரில் மறுபடி சண்டை தொடங்கிவிட்டது. பாதை பூட்டப்பட்டது. மன்னாரிலிருந்து கொழும்புக்கு நோயாளியைக் கொண்டுபோக முடியாமல் மாஸ்ரரின் மனைவி பிலோமினா இறந்துபோனார். செய்தி வந்த அன்று நான்தான் மாஸ்ரரின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு யார் பிடிப்பது?

ஓராண்டுப் பூசை முடிந்து வந்த பின்னேரம், அதே வாங்கில், கேட்காமலே மாஸ்ரர் சொன்னார்:

“சி.சி., இப்ப சொன்னா என்ன. நான் போக வெளிக்கிட்டதை உமக்கு ஏன் ஒளிச்சனான் தெரியுமோ? உம்மையும் கூட்டிக்கொண்டு போவம் எண்டு வசந்தியிட்டை முதல் போய்க் கேட்டனான். அவ மாட்டன் எண்டிட்டா. பிள்ளையை ஆர் பள்ளிக்கூடத்தாலை கூட்டிக்கொண்டு வாறது எண்டு கேட்டா. பிழையில்லை, அவவுக்கும் வேலை. ஆனா உமக்குத் தெரிஞ்சா மனம் நோகும் எண்டு வாய் துறக்கேல்லை.”

நான் எதிரே சீட்டாடிய கிழவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் சொந்த மகள்! என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பயணத்தை மறுத்திருக்கிறாள். அன்றிரவு அவள் சோறு போட்டபோது தொண்டைவரை வந்தது... என்னவென்று கேட்பது? தன் வசதிக்காக ஒரு கிழவனை ஏன் மறித்தாய் என்றா? நானா கேட்பது? சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். இன்றுவரை கேட்கவில்லை.

அந்தப் பின்னேரம் மாஸ்ரர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“இன்னொண்டு. நான் இஞ்சை செத்தா, என்னைக் கொண்டுபோய்ப் பிலோமினாவுக்குப் பக்கத்திலை வைக்க வழி இருக்கோ? ரெஜியைக் கேட்டன். ‘சி.சி. ஐயாவைக் கேளுங்கோ, அவர் சொன்னாப் பிழைக்காது’ எண்டிட்டான்.”

“வழி இருக்கு, மாஸ்ரர்.”

சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். மருத்துவரின் சான்றிதழ், நகரசபையின் அனுமதி, உள்ளே தகடு வைத்து மூடிய பெட்டி, தூதரகத்தின் முத்திரை, விமானம், பாதை திறந்திருந்தால் மன்னார். அவர் கவனமாகக் கேட்டார். முடிந்ததும் பெருமூச்சு விட்டார்.

“உம்மட்டை ஒரு விசயம் கேட்டா மனம் ஆறும், சி.சி.”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம் அல்லவா? வாய் திறந்தேன். “குளிருது, எழும்புவம்” என்றேன்.

சொன்னால் மன்னித்துவிடுவார், அது எனக்குத் தெரியும். மன்னித்துவிட்டு, மறுநாளிலிருந்து வேறு வாங்கில் உட்காருவார். அதுவும் தெரியும்.

இன்று காலை நான் பிந்திப் போனேன். தூறல் போட்டு ஓய்ந்திருந்தது. மாஸ்ரர் என் பக்கத்தைக் கைலேஞ்சியால் துடைத்து, ஈரம் படாமல் தன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கான இடத்தில் கையை விரித்து வைத்திருந்தார். கையை எடுத்தார்.

போய் உட்கார்ந்தேன்.