தவக்காலத்தில் ஓடிய படம்

என் அம்மாவுக்குச் சினிமா பிடிக்கும் என்பதே அவள் படுக்கையில் விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் அவள் எதற்கும் ஆசைப்பட்டதாக எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை. மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு அப்பாவுக்கும் எனக்கும் வரும். அவள் தட்டில் வால் கிடக்கும். அவளுக்கு வால்தான் பிடிக்கும் என்று பத்தொன்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்த புத்திசாலி நான்.

ஐம்பதுகளின் கடைசி அது. சேலத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா ஜங்ஷனில் கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. ஒரே மகளான நான் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலை உத்தரவுக்குக் காத்திருந்தேன். பங்குச் சாமியாரே என்னைக் கண்டால் ஒதுங்கிப் போவார் என்று அப்பா கேலி செய்வார். அவ்வளவு பக்தி, அதைவிடப் பிடிவாதம். ஊரில் ஓடும் படங்களில் எதைக் குடும்பத்தோடு பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று கோயில் வாசல் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். பார்க்கலாம் என்று போட்டிருந்த படங்களைக்கூட நான் பார்க்க மாட்டேன்.

சந்து முனையைத் தாண்டினால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. பெரிய தியேட்டர்களில் ஓடி முடிந்த படங்கள் அங்கே வரும். படம் மாறுவது வெள்ளிக்கிழமைகளில்தான். அன்று காலையில் மாட்டுவண்டியின் இரண்டு பக்கமும் விளம்பரத் தட்டி கட்டி, தம்பட்டம் அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள். ரோஸிலும் பச்சையிலும் நோட்டீஸ் பறக்கும். எங்கள் வீட்டு வாசலில் விழுந்ததை நான் பெருக்கித் தள்ளிவிடுவேன்.

அந்த வருஷம் பொங்கலுக்குப் பிறகு அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். வெளியே வரும்போது டாக்டரம்மா அப்பாவைத் தனியே கூப்பிட்டு, "ஆசைப்பட்டதைக் கொடுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திராட்சை வாங்கினோம், ஆட்டுக்கால் சூப் வைத்தோம். எல்லாவற்றையும் ஒரு வாய் தொட்டுவிட்டுத் தள்ளி வைத்தாள்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு மாதா சுரூபத்தின் முன் முழந்தாளிட்டு நேர்ந்துகொண்டேன். அம்மாவை எழுப்பி நடக்க வை, ஈஸ்டர் வரை எங்கள் வீட்டில் யாரும் சினிமாக் கொட்டகைப் பக்கம் போக மாட்டோம். எனக்குப் பிடிக்காத சினிமாவை நான் மட்டும் விடுவதில் என்ன தியாகம் இருக்கிறது? அதனால்தான் வீட்டையே சேர்த்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அடுத்த வாரமே அந்தப் படம் வந்தது. எங்களுக்கு எருமைப்பால் ஊற்றும் பால்காரம்மா முதல் ஞாயிறே மேட்னி பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் பால் செம்போடு அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டார். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர்.

"ஏனுங்க அக்கா, அழுது அழுது கண்ணெல்லாம் வீங்கிப் போச்சுங்க. கதையச் சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க."

ஒரு தாய். பரிசலில் ஆற்றைக் கடக்கும்போது வெள்ளம் வந்து இரண்டு வயதுப் பிள்ளையை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. பிள்ளை எங்கோ கரையேறி, யார் வீட்டிலோ வளர்ந்து, இருபது வருஷம் கழித்து அவள் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறான். பால்காரம்மா இதுவரை சொன்னதும் அம்மா கையைத் தூக்கினாள்.

"போதும், சொல்லிடாதீங்க. நான் போய்ப் பாக்கறேன்."

ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னாரே, அந்த ஆசை வந்துவிட்டது. அப்பாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை இன்றும் மறக்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஜட்கா வண்டி சொல்லப் புறப்பட்டவரை நான்தான் வாசலில் மறித்தேன். நேர்ந்துகொண்ட விஷயத்தைச் சொன்னேன்.

அப்பா திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாதாவுக்குச் சொன்ன வாக்கு. அதுவும் அம்மாவின் உயிருக்காக. அதை மீறச் சொல்லும் துணிச்சல் அவருக்கு இல்லை. அம்மா மட்டும் சிரித்தாள்.

"ஈஸ்டருக்கு அப்புறம் பாத்துக்கலாம். படம் எங்க ஓடிடப் போகுது?"

நான்கைந்து நாளில் பங்குச் சாமியார் அம்மாவுக்கு நற்கருணை அப்பம் கொடுக்க வந்தார். அப்பா அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டு, "நோயாளிக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாதும்மா. வேணும்னா உன் நேர்ச்சையை நான் மாத்தித் தரேன். ஜெபமாலை சொல்லு, போதும்" என்றார். சாமியார் இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாரே என்று எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. தலையை ஆட்டிவிட்டு, மாட்டேன் என்ற முடிவோடு உள்ளே போனேன். பயம்தான். வாக்கை மீறி, அதன் பிறகு அம்மா போய்விட்டால் நான்தான் கொன்றேன் என்று ஆகிவிடும். என் அம்மாவைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு நான் என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

பால்காரம்மா பாட்டுப் புத்தகம் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டாக முணுமுணுத்தாள். முன்பக்கத்தில் கதைச் சுருக்கம் இருந்தது. அதுவும் பிள்ளை வாசலில் வந்து நிற்பதோடு முடிந்துவிட்டது.

ஒரு நாள் நான் அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். அம்மா பால்காரம்மாவிடம் பேசுவது கேட்டது.

"எனக்கு மொதப் பிள்ளை ஆம்பளப் பிள்ளைங்க. ரெண்டு வயசுல கழிச்சல்ல போய்ட்டான். அப்ப எனக்கு இருபது வயசு, தலை நெறைய முடி. இப்ப என்னைப் பாருங்க. நான் அங்க போய் நின்னா அவனுக்கு எப்படித் தெரியும், இதுதான் அம்மான்னு?"

"அட, அதெல்லாந் தெரியுமுங்க அக்கா."

"அதான் அந்தப் படத்தைப் பாக்கணும்."

எனக்கு ஓர் அண்ணன் இருந்ததும், அவனைக் கல்லறைத் தோட்டத்தில் சுவரோரம் புதைத்திருப்பதும் தெரியும். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வைப்போம். அம்மா இத்தனை வருஷமாக அவனை நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பது தெரியாது. அப்போதாவது நான் மாறியிருக்க வேண்டும். கஞ்சியைத் தம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான்கு வாரம் ஓடியது படம். ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்து ஞாயிற்றுக்கு முந்திய வியாழக்கிழமை, கொட்டகைத் தட்டியில் "இன்றே கடைசி" என்று குறுக்கே தாள் ஒட்டியிருந்தார்கள். படப்பெட்டி ஆத்தூருக்குப் போவதாகக் கேள்வி. அம்மாவிடம் நான் சொல்லவில்லை. பால்காரம்மாவையும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன்.

அம்மா ஈஸ்டர் வரை இருந்தாள். எனக்குக் கர்வம் தாங்கவில்லை, மாதா கேட்டுக்கொண்டாள் என்று. பூசை முடிந்து வந்ததும் அவளே எழுந்து உட்கார்ந்து, பெட்டியிலிருந்து தன் கல்யாணப் புடவையை எடுத்துத் தரச் சொன்னாள். மேட்னிக்குப் போக வேண்டுமாம்.

கொட்டகையில் வேறு படம் ஓடிக்கொண்டிருந்தது. அதிலும் ஒரு தாய், ஒரு மகன் என்று பால்காரம்மா சொல்லியிருந்தார். அம்மாவுக்கு மாத்திரை மயக்கம், கண்ணும் மங்கல், தெரியாது என்று கணக்குப் போட்டேன். அப்பா ஓடிப்போய் ஜட்கா கூட்டிவந்தார். ஜட்காவைத் தட்டி இருக்கும் பக்கம் விடாமல், பெண்கள் வாசலுக்கு நேராக நிறுத்தச் சொன்னேன். அம்மாவைத் தூக்காத குறையாகப் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

"இதுதானேடி?" என்றாள்.

"ஆமாம்மா."

முதல் பாட்டு வந்ததும் அவள் உதடு அசைந்து, நின்றுவிட்டது. அது அவளுடைய பாட்டுப் புத்தகத்தில் இல்லாத பாட்டு. அப்புறம் அவள் திரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "இது என்ன படங்க?" என்று கேட்டாள். அந்தப் பெண் சொன்னாள். போன படம் எப்போது போனது என்றும் அம்மா கேட்டாள். அதற்கும் பதில் வந்தது.

"வீட்டுக்குப் போலாம்" என்றாள் என்னைப் பார்க்காமல்.

வண்டியில் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என்னிடம் கோபமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன்.

"நேந்துக்கிட்டது நீ. கழிஞ்சது என் நாளு."

மறுநாள் காலையில் பால்காரம்மா வந்ததும் வராததுமாக அம்மா கேட்டாள். "நீங்களே சொல்லிடுங்க. அந்தப் பையன் அம்மாவை அடையாளம் கண்டுக்கிட்டானா?"

பால்காரம்மா செம்பைக் கீழே வைத்தார். "கண்டுக்கிட்டானுங்க அக்கா. பாத்த ஒடனே கண்டுக்கிட்டான். வாசப்படியில நின்னுக்கிட்டே அம்மான்னு கூப்புட்டுப்போட்டானுங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்க."

அம்மா வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள்.

"இவளும் நேத்து ஆமான்னுதான் சொன்னா."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பால்காரம்மா மாரியம்மன் மேல் சத்தியம் செய்தார். தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். அம்மா திரும்பவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவும் இல்லை. பன்னிரண்டாம் நாள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து, பால் வாங்கும்போது கேட்டேன். அம்மாவைத் தேற்றுவதற்காகத்தானே அப்படிச் சொன்னீர்கள் என்று. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். பொய்யாக இருந்தால், அம்மா நம்பாமல் போனதில் என் குற்றம் கொஞ்சம் குறையும்.

பால்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நா எதுக்கு சாமி பொய் சொல்றேன்? படத்துல அப்பிடித்தான் இருந்துச்சு. அந்தப் பையன் ஒரு நொடிகூட யோசிக்கல."

செம்பில் பாலை ஊற்றிவிட்டு அவர் போய்விட்டார். உள்ளே அம்மாவின் கட்டில் காலியாகக் கிடந்தது. அவர் சொன்னது நிஜம்தான் என்று போய்ச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.