டிஸ்க் போட்ட கை

பம்மலில் என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் வெண்ணிலா லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். தங்கமான பெண். ஆனால் அரிகிருஷ்ணன் என்ற பெயர் காதில் விழுந்தால் போதும், அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கும்தான்.

2005இல் கீழ்க்கட்டளையில் அந்த ஆளின் ரிப்பேர் கடையில்தான் அவள் வேலை பார்த்தாள். வேதசிரோமணி என்று ஒரு வாத்தியார் ஆமையாக ஊர்ந்த தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். அதில் இறந்துபோன மனைவியின் வீடியோ, கடைசி கிறிஸ்துமஸில் எடுத்தது, வேறெங்கும் இல்லை. எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடலாம், அரை நாள் ஆகும் என்றாள் வெண்ணிலா. முதலாளிக்கு ஏது பொறுமை? அவள் சாப்பிடப் போன நேரத்தில், லேப்டாப்போடு வந்த ரெக்கவரி டிஸ்க்கைப் போட்டுவிட்டார். உள்ளே இருந்ததெல்லாம் அழிந்து லேப்டாப் வாங்கிய அன்று போல ஆனது. வீடியோ போயே போச்சு. வாத்தியார் வந்து நின்றதும் அந்தப் புண்ணியவான் வெண்ணிலாவைக் கைகாட்டி, அங்கேயே வேலையைவிட்டு நிறுத்தினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்றிலிருந்து வாத்தியார் அவளை எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"அந்தாளு வாயாலயே சார்கிட்ட சொல்ல வைப்பேங்க்கா" என்று நான்கு வருடம் கருவிக்கொண்டே இருந்தாள்.

2009இல் மாட்டினார். கடையை மூடிவிட்டு கூடுவாஞ்சேரியில் மனை விற்கிறாராம். கொஞ்சமும் கூச்சமில்லாமல் தன் லேப்டாப்பையும் ரெக்கவரி டிஸ்க்கையும் அவளிடமே நீட்டி, ரொம்ப மெதுவாக ஓடுகிறது, உள்ளே மகள் கல்யாணப் போட்டோ இருக்கிறது, பத்திரம் என்றார். வெண்ணிலா போட்டோக்களை வேறொரு டிரைவில் ஏற்றி ஒளித்து வைத்துவிட்டு டிஸ்க்கைப் போட்டாள்.

சாயங்காலம் வந்தவர் லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். காலி. எல்லாம் போய்விட்டது என்றாள். ஆள் பேயறைந்ததுபோல் உட்கார்ந்துவிட்டார். வேணும், நன்றாக வேணும் என்று நான் வாசலில் நின்று ரசித்தேன். அவள் வாத்தியாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அரிகிருஷ்ணன் முன்னால் தள்ளினாள்.

"அன்னிக்கு யாரு டிஸ்க் போட்டதுன்னு சொல்லுங்க. உங்க போட்டோ வரும்."

அவர், தான்தான் போட்டதாகவும் அந்தப் பெண்மேல் தப்பில்லை என்றும் சொன்னார். வெண்ணிலா டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

வாத்தியார் போனில் அவசரமாகக் கேட்டார்.

"அப்போ அந்த வீடியோ கெடைச்சிடுச்சாப்பா?"

அரிகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வெண்ணிலாதான் போனை எடுத்தாள்.

"இல்ல சார். கெடைக்கல."