விளக்கு எரிந்துகொண்டே இருந்தால்

நான் படித்தது ஐந்தாவது வரை. கர்நாடகத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம் எங்கள் வீட்டில் அதற்கு மேல் யாரும் படித்ததில்லை.

தொண்ணூறுகளில் மைசூரில், சரஸ்வதிபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் வேலை பார்த்தேன். பெருக்குவது, தண்ணீர் பிடித்து வைப்பது, வருகிறவர்களுக்குக் காப்பி வாங்கி வருவது. மாடியில் ஒலிப்பதிவு அறை இருந்தது. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, மேலே துணி போர்த்தியிருக்கும். உள்ளே போனால் நம் மூச்சு நமக்கே கேட்கும்.

அதை நடத்தியவர் ஓர் அம்மா. மேல்கோட்டை ஐயங்கார், வீட்டில் தமிழ். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். வாரம் ஒரு டாக்டரையோ பேராசிரியரையோ கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். அதைப் பதிவு செய்து ரேடியோவுக்குக் கொடுப்பார். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு வரும். கன்னட நிகழ்ச்சி. படிக்காதவனுக்கும் விஞ்ஞானம் போய்ச் சேரவேண்டும் என்பார்.

நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு கண் டாக்டர் வந்தார். கண்புரை பற்றிப் பேசினார். கதவோரம் நின்று கேட்டேன். அவர் போனதும் அம்மா என்னைப் பார்த்தார்.

"என்ன புரிஞ்சுண்டேள்?"

"ஒன்னும் புரியலைங்கம்மா."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டேப்பைத் திருப்பி ஓட்டிப் பாதிவரை கேட்டார். டாக்டருக்குப் போன் செய்து மறுநாள் திரும்ப வரச் சொன்னார். எனக்கு உள்ளே ஓர் இரும்பு மடக்கு நாற்காலி போட்டார். ஒரே வேலை. புரியாத இடத்தில் கையைத் தூக்கவேண்டும். வாயைத் திறந்தால் டேப்பில் விழும், அதனால் கை மட்டும். கை எழும்பினால் பேசுகிறவர் அதே விஷயத்தை வேறு மாதிரி சொல்லவேண்டும்.

கண் டாக்டரை ஏழு தடவை நிறுத்தினேன். ஏழாவது தடவைதான் முட்டையைச் சொன்னார். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு கண்ணாடி மாதிரி இருக்கும், வெந்தால் மறுபக்கம் தெரியாது, கண்ணுக்குள் இருக்கிற வில்லையும் வயதானால் கிட்டத்தட்ட அப்படித்தான் மங்குகிறது என்றார். கையை இறக்கினேன். வெளியே வந்ததும் அவர் அம்மாவிடம், இந்த ஆள் பாஸ் போட்டால்தான் இனிமேல் எனக்கு டிகிரியா என்று கேட்டுச் சிரித்தார்.

பிறகு சில வருஷம் அந்த நாற்காலிதான். நட்சத்திரம் எவ்வளவு தூரம், பட்டுப்புழு எதற்குத் தோல் உரிக்கிறது, சாமுண்டி மலைப் பாறை எப்படி உண்டானது, எல்லாம் கேட்டேன். சிலர் முகம் சுளிப்பார்கள். போகப்போகப் பழகிவிடும். புரியவில்லை என்று காட்ட எனக்கு வெட்கம் இல்லை. அதனால்தான் அந்த வேலை எனக்கு வந்தது.

குடியிருந்தது ஹெப்பாளில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள வரிசை வீட்டில். மூன்று வீடு தள்ளித் தங்கச்சியும் மாப்பிள்ளையும். நான் தனி ஆள். சாப்பாடு அங்கேதான். மாப்பிள்ளை கட்டட வேலையில் மேஸ்திரி. குழி தோண்டுவது, தொட்டி கட்டுவது, அடைப்பு எடுப்பது எல்லாம் அவர் ஆட்கள் செய்வார்கள். ரேடியோ அவருடையது. அதற்குத் தங்கச்சி பூப்போட்ட உறை தைத்திருந்தாள்.

"கையைத் தூக்கறது ஒரு உத்தியோகமா மச்சான்? எங்க சைட்டுல கையைத் தூக்குனா ஒன்னுக்குப் போவோணும்னு அர்த்தம்," என்பார்.

கேலி பேசினாலும் ஒரு வியாழன் விடமாட்டார். என் கை எங்கே எழுந்தது என்பதை அவரேதான் கண்டுபிடித்தார். பேசுகிறவர் திடீரென்று நிறுத்தி, 'அந்த்ரெ', நம் தமிழில் 'அதாவது', என்று ஆரம்பித்தால் அது என் கை. அதை எண்ணுவார். இன்றைக்கு ஆறு அதாவது, பேராசிரியரைப் பிழிந்துவிட்டாய் மச்சான் என்பார். சைட்டிலும் சொல்லிக்கொள்வாராம். ரேடியோவில் வருவதெல்லாம் எங்கள் மச்சான் புரிந்துகொண்டு அனுப்புவது, நம்பிச் செய்யலாம் என்று.

ஒரு கோடையில் கிணற்று வாயு பற்றிப் பேச ஒருவரைக் கூப்பிட்டார் அம்மா. தூர் வார இறங்குகிறவர்கள் செத்துப்போவதைப் பேப்பரில் பார்த்துவிட்டு அவரே முடிவு செய்த விஷயம். வந்தவர் ரசாயனப் பேராசிரியர். பெங்களூர்க்காரர். மெலிந்த ஆள். என்னையும் 'நீங்க' என்றுதான் சொன்னார்.

நான்கு தடவை நிறுத்தினேன். நான்கு தடவையும் பொறுமையாகத் திருப்பிச் சொன்னார். மூடிக் கிடக்கிற குழியில் நல்ல காற்று இருக்காது. அடியில் கெட்ட காற்று தேங்கும். இறங்குவதற்கு முன்னால் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கவேண்டும். விளக்கு அணைந்தால் மூச்சுக்குக் காற்று இல்லை என்று அர்த்தம். இறங்காதே.

எனக்கு உடனே ஒன்று தோன்றியது. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால்?

கை பாதி எழுந்தது. நாற்காலி கிரீச் என்றது. அப்போது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோபம் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான்.

என் கை பிடரிக்குப் போனது. பிடரியைச் சொறிந்துகொண்டேன். அணைந்தால் இறங்கக்கூடாது என்றால் அணையாவிட்டால் இறங்கலாம், இதைப் போய்க் கேட்பதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். முடிந்ததும் அம்மா எப்போதும்போலக் கேட்டார்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்கம்மா."

அந்த வியாழன் மாப்பிள்ளை எண்ணினார். நாலுதானா, பரவாயில்லை, நீ தேறிவிட்டாய் மச்சான் என்றார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு புதுக் கட்டடத்தில் மூடியே கிடந்த கழிவுநீர்த் தொட்டி. உள்ளே அடைத்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை ஆட்களை இறக்கவில்லை. எதிர்க் கடையில் ஓர் அரிக்கேன் விளக்கு இரவல் வாங்கி, ஏற்றி, கயிற்றில் கட்டி இறக்கினார். பட்டப்பகலில் விளக்கா, சாமி கும்பிடப் போறீங்களா மேஸ்திரி என்று ஆட்கள் சிரித்திருக்கிறார்கள். மச்சான் ரேடியோவில் சொன்னது என்றிருக்கிறார். விளக்கு அடிவரை போய் நன்றாக எரிந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் பனியனோடு இறங்கினார். சேற்றில் கால் வைத்து இரண்டு எட்டு நடந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, அப்படியே மடங்கி விழுந்தார். பின்னால் பாதி ஏணி இறங்கியவனைக் கயிறு போட்டு இழுத்துவிட்டார்கள். மாப்பிள்ளையை எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

நான் போனபோது விளக்கு தொட்டி ஓரத்தில் இருந்தது. யாரோ மேலே இழுத்து வைத்திருந்தார்கள். இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நான்தான் குனிந்து திரியை இறக்கினேன்.

காரியம் முடிந்து வேலைக்குப் போனேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா கேட்டபோது விபத்து என்றேன். அம்மா இல்லாத மத்தியானங்களில் அந்த டேப்பை எடுத்துப் போடுவேன். ஓட்டத் தெரியும். பேராசிரியர் சொல்கிறார், அணைந்தால் இறங்காதே. பிறகு கிரீச். நாற்காலி. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் நான் கேட்டிருக்கவேண்டும். மூச்சு கேட்கும். என்னுடையதா, அவருடையதா, தெரியாது. பிறகு அவர் வேறு விஷயம் பேசுவார். 'அதாவது' வராது. திருப்புவேன். திரும்பக் கேட்பேன். ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை வரும் என்றுதான் உட்கார்ந்திருப்பேன்.

வீட்டுக்கு நடக்கும்போதும் அந்தக் கிரீச் கூட வரும். தங்கச்சி தட்டு வைப்பாள். சாப்பிடுவேன். ரேடியோ உறைக்குள் இருக்கும்.

ஒரு மத்தியானம் அம்மா சீக்கிரம் வந்துவிட்டார். டேப் ஓடிக்கொண்டிருந்தது. எதற்கு இது என்றார். சொன்னேன். மாப்பிள்ளை ரேடியோ கேட்டுத்தான் விளக்கு இறக்கினார், விளக்கு அணையவில்லை, எனக்கு அன்றைக்கே சந்தேகம் வந்தது, கேட்கவில்லை. நாலு வாக்கியம். அம்மா நின்றபடியே கேட்டார். பிறகு, நானும் கேள்வி கேட்கிறவள்தானே, எனக்குத் தோன்றவே இல்லையே என்றார். போனை எடுத்தார்.

மறுநாளே பேராசிரியர் பெங்களூரிலிருந்து வந்தார். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"எரிஞ்சா இறங்கலாம்னு நான் சொல்லவே இல்லையே," என்றார் மெதுவாக.

"இல்லைங்க. நீங்க சொல்லலை," என்றேன்.

தண்ணீர் குடித்தார். கேள்வியை இந்தத் தடவை நானே வாயால் கேட்கவேண்டும் என்றார் அம்மா. டேப்பில் விழட்டும் என்றார். மைக்கை என் பக்கம் திருப்பினார்.

கேட்டேன். "தீப உரீதா இத்ரெ இளீபஹுதா சார்?" விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் இறங்கலாமா சார்?

"இளீபாரது," என்றார். இறங்கக்கூடாது.

பிறகு விளக்கமாகச் சொன்னார். மூச்சுக்குக் காற்று இல்லையென்றால் விளக்கு அணையும். ஆனால் சாக்கடைக் குழியில் வேறொரு விஷக் காற்று உண்டு. ஆளைக் கொல்ல அது கொஞ்சம் போதும். அந்தக் கொஞ்சம் விளக்கை ஒன்றும் செய்யாது. சேற்றுக்குள்ளே அடைந்து கிடக்கும், கால் பட்டுக் கலங்கினால் கிளம்பும். முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. எரிகிற காற்றும் அங்கே சேர்ந்திருக்கலாம், விளக்கு இறக்கினால் வெடிக்கவும் வெடிக்கும். அதனால் சாக்கடைக் குழிக்கு விளக்குச் சோதனையே கூடாது. ஆளும் இறங்கக்கூடாது. உள்ளே ஒருவர் விழுந்தால் பின்னாலேயே குதிக்கவும் கூடாது.

எல்லாம் புரிந்தது. ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. அவர் கடிகாரத்தை அன்று கழற்றிப் பைக்குள் போட்டிருந்தார். பதிவு முடிந்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை வந்தது. எங்காவது போய்விடலாம் என்று நினைத்தேன். போகவில்லை. ஆறரைக்குத் தங்கச்சி வீட்டில் இருந்தேன். நான் ஒன்றும் சொல்லாமலே அவள் அன்றைக்கு உறையை எடுத்து ரேடியோவைப் போட்டாள். மாப்பிள்ளை போன பிறகு முதல் தடவை. அம்மா வந்து சொல்லிவிட்டுப் போனாரா, அவளுக்கே தோன்றியதா, கேட்டுக்கொள்ளவில்லை.

என் குரல் வந்தது. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. பேராசிரியர் சொல்லி முடிக்கும்வரை அசையவில்லை. முடிந்ததும் ரேடியோவை அணைத்தாள்.

"அண்ணா, இந்தக் கேள்வி உங்களுக்கு எப்பத் தோணுச்சுங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். செத்த பிறகு என்று சொன்னால் முடிந்தது.

"அன்னைக்கே."

"அப்பறம் ஏன் கேக்குலைங்க?"

"அவரு வாட்ச்சப் பாத்தாரு."

அவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை. முறத்தை மடியிலிருந்து இறக்கிவைத்தாள். எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து எனக்குத் தட்டு வந்தது. எப்போதும்போலச் சோறு, குழம்பு. சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நான் கை தூக்குவது அதிகமானது. புரிந்ததற்கும் தூக்கினேன். ஒருநாள் அம்மா அந்த நாற்காலிக்கு எண்ணெய் போடச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன்.

தங்கச்சி எல்லா வியாழனும் ரேடியோ போட ஆரம்பித்தாள். 'அதாவது' வரும்போதெல்லாம் நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு வேலையைத் தொடர்வாள். மாப்பிள்ளை எண்ணின மாதிரி வாய்விட்டு எண்ணுவதில்லை. ஆனால் எண்ணினாள்.

ஒரு வியாழன் மழை பற்றி ஒருவர் பேசினார். சுலபமாகப் பேசுகிறவர். மேகம் எப்படிக் கனக்கிறது என்பதைச் சட்டி மூடியில் பூக்கிற வேர்வையை வைத்தே சொல்லிவிட்டார். ஒரு 'அதாவது' கூட வரவில்லை. நிகழ்ச்சி முடிந்தது. அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"எல்லாம் புரிஞ்சுதுங்களாண்ணா?"

உடனே சொல்லவில்லை. அந்தப் பதிவை முதலிலிருந்து கடைசி வரை மனசுக்குள் ஒருமுறை ஓட்டினேன். கை எழுந்த இடம் ஏதாவது உண்டா, நாற்காலி சத்தம் போட்டதா என்று பார்த்தேன். அவள் அதுவரை காத்திருந்தாள்.

"புரிஞ்சுது," என்றேன்.

குழம்பை ஊற்றினாள்.